எச்சமாய் நின்ற குரல்

ஒன்றைச் சேர்த்து அழகு செய்வது பலருக்குக் கைவரும். ஒன்றை நீக்கி, நீங்கிய பொருளை முன்னிலும் தெளிவாகக் கேட்போர் உள்ளத்தில் நிறுத்துவது சிலருக்கே கைவரும். ஜமெய்க்கா நாட்டில் பிறந்த 'டப்' என்னும் இசைவகை இந்த இரண்டாவது ஆற்றலை நம்பி எழுந்தது. பாடி முடிந்த பாட்டிலிருந்து பாடகரின் குரலை எடுத்துவிட்டு, எஞ்சிய தாளத்தையும் அடியொலியையும் கொண்டு வேறொன்றைப் படைப்பது அதன் தொழில். அத்தகைய தொழிலில் தேர்ந்த ஒருவர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடிவரும் முதிய பாடகர் ஒருவரோடு சேர்ந்து பணியாற்றினால் என்ன விளையும்? நீக்குவதே தொழிலாகக் கொண்டவர், நீக்கக்கூடாத ஒன்றின் முன் எவ்வாறு நடந்துகொள்வார்? 2022-ஆம் ஆண்டில் ஹொரேஸ் ஆண்டி என்னும் ஜமெய்க்கப் பாடகரும் ஏட்ரியன் ஷெர்வுட் என்னும் ஆங்கிலத் தயாரிப்பாளரும் இணைந்து வெளியிட்ட இரண்டு இசைத்தட்டுகள் இவ்வினாவுக்கு ஒரு விடையாக அமைந்தன. அவ்விடையின் தரத்தை அளந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எச்சமும் குறையும்

அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அது தமிழாசிரியர் கையிலேயே இருக்கிறது. 'படித்த' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் உள்ளம் ஒரு பெயரைத் தேடுகிறது. 'படித்து' என்று நிறுத்தினால் ஒரு வினையைத் தேடுகிறது. முடிக்கும் சொல் வந்து சேரும் வரையில் அந்தத் தேட்டம் அடங்குவதில்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஓர் இயலுக்கே எச்சவியல் என்று பெயரிட்டு, எச்சங்கள் பத்து என வகுத்துக் காட்டினார். அவற்றுள் சிலவற்றுக்கு முடிக்கும் சொல் வெளிப்படையாக வரும். சிலவற்றுக்கு அது கேட்போர் குறிப்பாலேயே வந்து நிரம்பும்.

இங்கே கருதத் தக்க வேறுபாடு ஒன்று உண்டு. பாதியில் அறுந்த சொல் வேறு, எச்சம் வேறு. அறுந்த சொல்லுக்கு முடிவு எதுவென்று கேட்பவருக்குத் தெரியாது. எச்சத்திற்கோ, வரவேண்டியது இன்னது என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லின் வடிவிலேயே அமைந்திருக்கிறது. ஆகவே, எச்சம் பொருள் தருவதற்குக் கேட்பவரிடம் முன்னறிவு ஒன்று இருந்தாக வேண்டும். டப் இசையில் எது கலை, எது வெறும் ஓசை என்று பிரித்தறிவதற்கு இவ்வேறுபாடே போதும்.

டப் பிறந்த கதை

டப் இசையின் தோற்றம் ஒரு தவறுதலில் இருந்து தொடங்கியது என்பர். 1960-களின் பிற்பகுதியில் ஜமெய்க்காவின் ஸ்பானிஷ் டவுன் நகரில் ரடி ரெட்வுட் என்பவர் 'சவுண்டு சிஸ்டம்' நடத்தி வந்தார். சவுண்டு சிஸ்டம் என்பது பெரிய ஒலிபெருக்கிகளைத் திறந்தவெளியில் நிறுத்தி, மக்கள் கூடி ஆடுவதற்கு இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்யும் அமைப்பு. அவருக்காகப் பாரகன்ஸ் குழுவின் பாடல் ஒன்றைத் தட்டில் வெட்டிய பொறியாளர், பாடகர் குரலைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். ரெட்வுட் அதை ஒதுக்கிவிடவில்லை. முதலில் குரலோடு கூடிய தட்டைப் போட்டார். அடுத்துக் குரலில்லாத தட்டைப் போட்டார். கூடியிருந்த மக்கள் தாமே அப்பாட்டைப் பாடத் தொடங்கினர்.

இந்நிகழ்ச்சியின் வரிசையைக் கூர்ந்து நோக்க வேண்டும். முழுப்பாட்டு முன்னே வந்தது. குரலற்ற பாட்டு பின்னே வந்தது. முன்னது காதில் நின்றதால்தான் பின்னது எச்சமாயிற்று. மக்கள் வாயே முடிக்கும் சொல்லாயிற்று. வரிசை மாறியிருந்தால் அங்கே யாரும் பாடியிருக்க மாட்டார்கள்.

இவ்வழியைக் கலையாக வளர்த்தவர் கிங் டப்பி என்று அழைக்கப்பட்ட ஆஸ்போர்ன் ரடக். 1941-இல் பிறந்த அவர், கிங்ஸ்டன் நகரின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் வானொலிப் பெட்டிகளையும் மின்கருவிகளையும் பழுதுபார்த்து வாழ்ந்தவர். 1970-களின் தொடக்கத்தில், நான்கு தடங்களைக் கையாளும் பழைய ஒலிக்கலப்பு மேசை ஒன்றை வாங்கித் தம் வீட்டிலேயே சிறிய கலையகம் அமைத்தார். ஒரு தடத்தில் டிரம், ஒன்றில் பாஸ் கித்தார், ஒன்றில் மற்றக் கருவிகள், ஒன்றில் குரல் என்று ஒலிகளைப் பிரித்துவைப்பது அன்றைய வழக்கம். டப்பி ஒரு தடத்தை மூடுவார், மற்றொன்றைத் திறப்பார். பாடகர் ஒரு சொல்லைத் தொடங்கியதும் குரலை வெட்டி, அச்சொல்லின் வாலை மட்டும் எதிரொலியில் ஓடவிடுவார். தாழ்ந்த ஒலிகளை வடிகட்டி நீக்கி, திடீரென்று திரும்பக் கொணர்வார். எதிரொலிக் கருவியின் உள்ளிருக்கும் கம்பிச்சுருளைத் தட்டி இடி முழங்கச் செய்வார். இவை அனைத்தும் ஒலிநாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த நொடியில், கையால் செய்யப்பட்டவை. ஆகவே அவருடைய ஒவ்வொரு கலவையும் ஒரு கச்சேரிக்கு ஒப்பானது. 1989-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தம் வீட்டு வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வகுத்த முறையோ உலகெங்கும் பரவிவிட்டது. ரெகே இசையை 2018-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது, அச்சிறிய கலையகத்தின் உழைப்பும் அதில் அடங்கிற்று.

குரல் யாருக்கு உரியது?

கலையின் பெருமையைப் பேசும் இடத்தில் கணக்கையும் பேச வேண்டும். குரலில்லாத வடிவத்தை இசைத்தட்டின் பின்பக்கத்தில் பதிப்பது 1970-களில் ஜமெய்க்காவில் பொது வழக்காயிற்று. இதற்குக் கலையார்வம் மட்டுமே காரணம் அன்று. பின்பக்கத்திற்கென்று இன்னொரு பாட்டை எழுதி, பாடி, பதிவு செய்யும் செலவு இல்லாமற் போயிற்று. ஒலிநாடா யாரிடம் இருந்ததோ அவரே உரிமையாளர். அக்காலத்துக் கிங்ஸ்டன் கலையகங்களில் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கொடுத்துப் பாடகரை அனுப்பிவிடுவது வழக்கமாக இருந்தது. அதன்பின் அதே தாளத்தின்மேல் பத்துப் பேர் பாடினாலும், அதே பாட்டு பத்து வடிவம் பெற்றாலும், முதலில் பாடியவர் கைக்கு ஒன்றும் வருவதில்லை. ஜமெய்க்கா தனக்கென ஒரு புதிய பதிப்புரிமைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தது 1993-இல்தான். அதுவரையில் 1911-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டமே அங்கு வழங்கிற்று.

ஆகவே, டப் இசையில் குரலை நீக்குதல் என்பதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, கேட்போரைப் பாடவைக்கும் கலை. மற்றொன்று, உழைத்தவரின் பெயரையும் பங்கையும் மறைக்கும் வாணிகம். இரண்டும் ஒரே கைப்பிடியைத் திருப்புவதால் நிகழ்ந்தன. இதனை மறந்து டப் இசையைப் புகழ்வது பாதி உண்மையைச் சொல்வதாகும்.

ஹொரேஸ் ஆண்டியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1951-இல் கிங்ஸ்டனில் பிறந்த அவருடைய இயற்பெயர் ஹொரேஸ் ஹைண்ட்ஸ். ஸ்டூடியோ ஒன் என்னும் புகழ்பெற்ற கலையகத்தின் தலைவர் காக்சன் டாட், அப்போது பெயர் பெற்றிருந்த பாப் ஆண்டி என்னும் பாடகரின் பெயரின் பிற்பகுதியை இவருக்குச் சூட்டினார். பாடலும் குரலும் இளைஞருடையவை. பெயர் தயாரிப்பாளர் கொடுத்தது. வேலையின்றித் திரியும் இளைஞரை இடித்துரைக்கும் 'ஸ்கைலார்க்கிங்' என்னும் பாடலைத் தலைப்பாகக் கொண்டு அவருடைய முதல் நீள்தட்டு 1972-இல் வந்தது. உயர்ந்த தாயியில் நின்று, நீர்மேல் நிழல்போல் நடுங்கும் அவர் குரலை ஒருமுறை கேட்டவர் வேறொருவர் குரலோடு மயங்கார். குரலை வெட்டித் துண்டாக்கும் டப் கலைஞர்களுக்கு இத்தகைய குரல் பெரும் பேறு. அரைச்சொல் கேட்டாலும் ஆளை அடையாளம் காட்டிவிடும் குரல் அது.

ஒரே குரல், மூன்று கைகள்

இக்குரலை மூன்று காலங்களில் மூன்று வல்லுநர்கள் கையாண்டனர். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எச்சம் எங்கே நிகழ்கிறது என்பது விளங்கும்.

முதலாவது, 1977-இல் வந்த 'இன் தி லைட்' என்னும் நீள்தட்டும், அதன் டப் வடிவமான 'இன் தி லைட் டப்' என்பதும். டப் வடிவத்தைச் செய்தவர் கிங் டப்பியிடம் தொழில் பயின்ற பிரின்ஸ் ஜாமி. பாட்டும் டப்பும் இரட்டைப் பிள்ளைகள்போல் அடுத்தடுத்து வந்தன. முன்னதைக் கேட்டவர் பின்னதைக் கேட்கும்போது, ஒவ்வொரு வெட்டிலும் விடுபட்ட அடியைத் தம் உள்ளத்தில் நிரப்பிக்கொள்ள முடிகிறது. ஜாமி குரலை முற்றும் அழிக்கவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்ப்பவர்போல் ஆண்டியின் குரல் தோன்றி மறைகிறது. டப் வடிவமும் பாடகர் பெயரிலேயே வந்தது என்பது குறிக்கத்தக்கது. டப் நீள்தட்டுகள் பல பொறியாளர் அல்லது தயாரிப்பாளர் பெயரைத் தாங்கி வந்த காலம் அது.

இரண்டாவது, 1995-இல் வந்த 'நோ புரொடெக்‌ஷன்'. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மாசிவ் அட்டாக் குழுவினர், 1991-இல் வெளியிட்ட தங்கள் முதல் நீள்தட்டிலேயே ஆண்டியைப் பாடவைத்தனர். 2010 வரையில் அவர்கள் வெளியிட்ட ஐந்து நீள்தட்டுகளிலும் பாடிய விருந்தினர் அவர் ஒருவரே. நியூயார்க்கில் லாயிட் பார்ன்ஸ் தயாரித்து 1982-இல் வெளிவந்த 'டான்ஸ் ஹால் ஸ்டைல்' என்னும் தட்டில் ஆண்டி பாடியிருந்த 'ஸ்பையிங் கிளாஸ்' என்ற பாடலை, 1994-இல் அவர்களுக்காக மீண்டும் பாடினார். அந்நீள்தட்டின் பாடல்களுள் பெரும்பாலானவற்றை, கயானாவில் பிறந்து லண்டனில் கலையகம் நடத்திய மேட் புரொபசர் என்பவர் டப் வடிவமாக்கினார். வேலைத்திறத்தில் அதற்கு ஈடு சிலவே. எதிரொலிகள் அலைமேல் அலையாக எழுகின்றன. பாஸ் ஒலி தரையை அதிர்விக்கிறது. ஆயினும் பாடகர்கள் அங்கே பனிமூட்டத்தில் நடக்கும் உருவங்களாகவே தெரிகின்றனர். அட்டையில் இருந்தவை குழுவின் பெயரும் தயாரிப்பாளரின் பெயருமே. இரண்டுக்கும் நடுவே வழக்குமன்றத்திலும் விளையாட்டுத் திடலிலும் வழங்கும் 'எதிர்' என்னும் பொருள்படும் எழுத்தொன்று நின்றது. பாடியவர்கள் அப்போட்டியில் எந்தப் பக்கமும் இல்லை. கேட்டு வியக்கத் தக்க படைப்பு. ஆனால் அது வியக்கச் செய்வது கையை, குரலை அன்று.

மூன்றாவதே ஷெர்வுட் அவர்களின் பணி.

முதியோரும் தயாரிப்பாளரும்

1958-இல் இங்கிலாந்தில் பிறந்த ஏட்ரியன் ஷெர்வுட், பள்ளிப் பருவத்திலேயே ரெகே இசைத்தட்டு வாணிகத்தில் ஈடுபட்டவர். 1970-களின் இறுதியில் ஆன்-யூ சவுண்டு என்னும் தம் நிறுவனத்துக்கு வித்திட்டார். ஜமெய்க்காவின் இடிக்குரலோன் பிரின்ஸ் பார் ஐ அவருக்கு மூத்த தோழர். அவர் 1983-இல் கிங்ஸ்டனில் கொல்லப்பட்டார். மென்குரல் பாடகர் பிம் ஷெர்மன் 2000-இல் மறைந்தார். நெடுங்காலம் உடன் வாசித்த டிரம் கலைஞர் ஸ்டைல் ஸ்காட் 2014-இல் கொல்லப்பட்டார். தாம் போற்றிய குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கக் கண்டவர் ஷெர்வுட். அவருடைய பிற்காலப் பணியில் காணப்படும் பொறுமைக்கு இவ்விழப்புகள் பின்புலமாக உள்ளன.

அப்பொறுமை முதலில் வெளிப்பட்டது லீ பெரி அவர்களோடு செய்த 'ரெயின்போர்ட்' என்னும் 2019-ஆம் ஆண்டு நீள்தட்டில். லீ பெரி, கிங் டப்பியோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் டப் தலைவர். 1970-களில் தம் பிளாக் ஆர்க் கலையகத்தில் பிறர் குரல்களை வெட்டியும் ஒட்டியும் புதுமை படைத்தவர். அவரே எண்பது வயதைக் கடந்தபின் பாடும் இடத்தில் வந்து நின்றார். அவர் வழியைப் பின்பற்றிய இளையவர் கலப்பு மேசையின் முன் அமர்ந்தார். வெட்டிய கை, வெட்டப்படும் குரலாயிற்று. ஷெர்வுட் வெட்டவில்லை. பெரியின் இயற்பெயரையே தட்டுக்குத் தலைப்பாக்கி, இறுதிப் பாடலில் அம்முதியவர் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே சொல்ல இடம் வைத்தார். அதன்பின், அதே ஆண்டில், அதன் டப் வடிவமான 'ஹெவி ரெயின்' வந்தது. முழுமை முன்னே, எச்சம் பின்னே என்னும் ஸ்பானிஷ் டவுன் வரிசை இங்கே மீண்டது. பெரி 2021 ஆகஸ்டில் காலமானார்.

அவர் மறைவுக்கு முன்னும் பின்னுமாக ரெகே உலகம் அடுக்கடுக்காக இழப்புகளைக் கண்டது. டூட்ஸ் ஹிப்பர்ட் 2020 செப்டம்பரிலும், தயாரிப்பாளர் பன்னி லீ அதே ஆண்டு அக்டோபரிலும், யூ-ராய் 2021 பிப்ரவரியிலும், பன்னி வெய்லர் அடுத்த மாதத்திலும், பாஸ் கித்தார் வல்லுநர் ராபி ஷேக்ஸ்பியர் அவ்வாண்டு டிசம்பரிலும் மறைந்தனர். ஒரு தலைமுறையே விடைபெற்றுக்கொண்டிருந்த அவ்வேளையில், எஞ்சியுள்ள முதிய குரலை என்ன செய்வது என்னும் வினா கலையைப் பற்றியதாக மட்டும் இல்லை. கடமையைப் பற்றியதாகவும் ஆயிற்று. பழம்பொருட் காட்சியில் வைத்து வணங்கலாம். பழைய வெற்றிப் பாடல்களைத் திரும்பப் பாடவைத்துப் பணமாக்கலாம். அல்லது, இன்றும் தொழில் செய்யும் கலைஞராக மதித்து, இன்றைய குரலுக்கு ஏற்ற பணியைக் கொடுக்கலாம். மூன்றாவது வழியே அரிது.

2022-ஆம் ஆண்டின் இரண்டு தட்டுகள்

2022 ஏப்ரலில் 'மிட்நைட் ராக்கர்' வந்தபோது ஆண்டிக்கு வயது 71. ஷெர்வுட் இதில் செய்துள்ள முதல் நற்செயல், குரலைக் கேட்போருக்கு அருகில் கொணர்ந்தது. எதிரொலிக்குப் பெயர்பெற்ற கை, பாடகரின் வாய்க்கும் கேட்பவர் செவிக்கும் நடுவே எதனையும் வைக்கவில்லை. மூச்சு வாங்குவது கேட்கிறது. இளமையில் அழகுக்காக நடுங்கிய குரல், முதுமையில் தானாகவே நடுங்குகிறது. இரண்டு நடுக்கமும் ஒன்றோடொன்று கலந்து, எது கலை எது உடல் என்று பிரிக்க இயலாதவாறு நிற்கின்றன. இதனை மறைக்க ஒரு சிறு எதிரொலி போதும். மறைக்காமல் விட்டதே துணிவு. டப் கலைஞர் ஒருவரின் தேர்ச்சியை அவர் வெட்டிய இடங்களில் மட்டும் தேடுவது தவறு. வெட்டக் கூடியதாக இருந்தும் வெட்டாமல் விட்ட இடங்களிலும் தேட வேண்டும்.

இரண்டாவது நற்செயல், பழைய பாடல்களைத் தேர்ந்த முறை. 'ஸ்கைலார்க்கிங்' போன்ற, எல்லாரும் எதிர்பார்க்கும் பாட்டை ஷெர்வுட் நாடவில்லை. 'மிஸ்டர் பாஸி' என்னும் பாட்டு, பாஸ் வாசிப்பவரை விளித்து வாசிக்கச் சொல்லும் பாட்டு. இளைஞர் பாடியபோது அது நடன அரங்கின் மகிழ்ச்சிக் கூவல். முதியவர் பாடும்போது, தம்மை இதுவரை தாங்கி வந்த அடியொலிக்கு அவர் நன்றி கூறுவதுபோல் ஒலிக்கிறது. டப் இசையில் எல்லாக் கருவிகளும் நீங்கினாலும் நீங்காது நிற்பது பாஸ் ஒலியே என்பதை அறிந்தவர்க்கு, அப்பாட்டின் இடம் இன்னும் ஆழமாகப் புலப்படும். பொருளாசையைக் கண்டிக்கும் 'மெட்டீரியலிஸ்ட்', துன்ப உலகைப் பாடும் 'திஸ் மஸ்ட் பி ஹெல்' ஆகியவையும் அவ்வாறே. இளைஞர் வாயில் குற்றச்சாட்டாக ஒலிக்கும் சொல், முதியவர் வாயில் சாட்சியம் ஆகிவிடுகிறது.

'சேஃப் ப்ரம் ஹார்ம்' என்னும் பாடல் தனித்து நோக்கத்தக்கது. அது மாசிவ் அட்டாக் குழுவின் 1991-ஆம் ஆண்டுத் தட்டில் ஷாரா நெல்சன் என்னும் பெண்மணி பாடியது. அத்தட்டில் ஆண்டி வேறு பாடல்களைப் பாடியிருந்தார், இதனைப் பாடவில்லை. முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின் அதைத் தம்முடையதாக்கிக் கொண்டார். அன்புக்குரியவரைத் தீங்கு அணுகாமல் காப்பேன் என்னும் கருத்துடைய அப்பாட்டு, நெல்சன் குரலில் சினந்த காவலாக நிற்கிறது. ஆண்டி குரலிலோ, வலிமை குன்றிய ஒருவர் காவல் செய்ய முன்வருவதன் உருக்கம் கேட்கிறது. சொல் ஒன்றும் மாறாமல் பொருள் மாறிற்று. பாடுவோர் வேறுபட்டால் பாட்டும் வேறுபடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

அதே ஆண்டு செப்டம்பரில் 'மிட்நைட் ஸ்கார்ச்சர்ஸ்' வந்தது. முன்னைய தட்டின் பாடல்கள் பல இங்கே வெட்டப்பட்டும் உருமாற்றப்பட்டும் தோன்றுகின்றன. பாடல்களின் பெயர்களும் மாறியுள்ளன. சில இடங்களில் தாளத்தின்மேல் பேசிப் பாடுவோர் குரலும் சேர்ந்துள்ளது. ஏப்ரலில் முழுக்குரலைக் கேட்டுப் பழகியவர், செப்டம்பரில் அக்குரல் ஓர் அசையோடு அறுந்து இருளில் ஓடும்போது, எஞ்சிய அடியைத் தாமே முடிக்கின்றனர். எச்சம் தன் முடிக்கும் சொல்லைக் கண்டுகொள்கிறது. இத்தட்டும் ஹொரேஸ் ஆண்டி பெயரிலேயே வந்தது. குரல் குறைந்த இடத்திலும் பெயர் குறையவில்லை. 1970-களின் கலையக வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர், அட்டையில் உள்ள அப்பெயரையும் இசையின் ஒரு பகுதியாகவே கருதுவர்.

குறைகள் சில

நிறையைக் கண்ட கண் குறையையும் காண வேண்டும். முதற்குறை, மிகுதியால் வந்தது. கிங் டப்பியிடம் இருந்தவை நான்கு தடங்கள். ஒன்றை மூடினால் பாட்டின் காற்பங்கு மறைந்தது, கேட்பவர் திடுக்கிட்டார். இன்றைய கலையகத்தில் தடங்களுக்கு எல்லை இல்லை. எத்தனையோ ஒலிகள் அடுக்கப்பட்ட இடத்தில் ஒன்றிரண்டை நீக்கினால் அந்நீக்கம் உறைப்பதில்லை. 'மிட்நைட் ஸ்கார்ச்சர்ஸ்' தட்டில் சில இடங்களில் ஷெர்வுட் குரலை நீக்கிய பள்ளத்தை உடனே வேறு ஒலிகளால் நிரப்பிவிடுகிறார். பள்ளம் பள்ளமாகவே இருந்தால்தான் கேட்பவர் அதில் தம் குரலை வைப்பார். ஏழ்மை கற்பித்த சிக்கனத்தைச் செல்வம் எளிதில் மறந்துவிடுகிறது.

இரண்டாவது குறை, மெருகு. 1977-ஆம் ஆண்டுத் தட்டில் ஜாமியின் கை சில இடங்களில் தாளத்தை முந்துகிறது. சில இடங்களில் பிந்துகிறது. அவ்வழுவிலேயே உயிர் துடிக்கிறது. 2022-ஆம் ஆண்டுத் தட்டுகளில் எல்லாம் தன் தன் இடத்தில் ஒழுங்காக அமர்ந்திருக்கிறது. குரல் காட்டும் நடுக்கத்தைச் சூழ்ந்துள்ள இசையும் சிறிது காட்டியிருந்தால் இரண்டும் இன்னும் ஒன்றியிருக்கும்.

மூன்றாவதாக ஒரு தடையை எழுப்புவோர் உளர். ஜமெய்க்கா மக்களின் இசையை ஆங்கிலேயர் ஒருவர் கையாளலாமா என்பர். இவ்வினாவைப் புறந்தள்ளுதல் நேர்மை ஆகாது. அந்நாட்டை 1962 வரையில் ஆண்டவர்கள் ஆங்கிலேயர். அங்கிருந்து குடியேறியவர்களோடு ரெகே இங்கிலாந்து சென்றதும் அவ்வரலாற்றின் விளைவே. ஆயினும் விடையைப் பிறப்பில் தேடுவதைவிடச் செயலில் தேடுவதே முறை. பெயரைக் கொடுத்த டாட்டும், குரலின் சுவடு மட்டும் விட்டுவைத்த மேட் புரொபசரும் கரீபியன் நிலத்தில் பிறந்தவர்களே. குரலை முன்னிறுத்தி, பாடகர் பெயரையே இரு தட்டுகளுக்கும் சூட்டியவர் அயலார். பிறப்பு ஒரு பக்கம் நியாயத்தையும் மறுபக்கம் அநியாயத்தையும் வைத்து அனுப்புவதில்லை என்பதே இதனால் அறியக் கிடப்பது.

முடிபு

டப் இசையைக் குரலின் பகை என்று கருதுவோர் உண்டு. குரலுக்கு மேலான கலை என்று கருதுவோரும் உண்டு. இரு கூற்றும் பொருந்தா. முழுமையை முதலில் வழங்கி, அதன் பின்னரே குறைக்கும்போது, டப் இசை குரலைப் போற்றும் வழிகளுள் ஒன்றாகிறது. முழுமையை மறைத்து, பெயரையும் மறைத்துக் குறைக்கும்போது, எவ்வளவு திறமை இருந்தாலும் அது பிறர் பொருளைத் தன் பொருளாக்கும் செயலுக்கு அண்டையில் சென்றுவிடுகிறது. வெட்டும் கையின் திறத்தால் மட்டும் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. வரிசையாலும் உரிமையாலும்தான் பிரிக்க முடியும்.

ஏட்ரியன் ஷெர்வுட் சிறந்த டப் வல்லுநர் என்பதற்கு அவருடைய எதிரொலிகள் பல ஆண்டுகளாகச் சான்றாக உள்ளன. அவர் நல்ல துணைவரும் ஆவார் என்பதற்குச் சான்று, 'மிட்நைட் ராக்கர்' தட்டில் எதிரொலி இல்லாத இடங்கள். தயாரிப்பாளர் ஒருவர் கொடுத்த பெயரோடு தொடங்கிய பாடகர், ஐம்பது ஆண்டுகள் கழித்து அப்பெயரைத் தம் உழைப்பால் தமக்கே உரியதாக்கிக்கொண்டார். அவர் குரல் பாதியில் அறுந்து ஒலிக்கும் இடத்திலும், கேட்பவர் முடிக்கும் சொல்லாக அவர் பெயரையே சொல்கின்றனர்.